உள்ளே விடாத தேவகனி

"நகரசபையின் க்ஷயரோக வைத்தியசாலைக்கு ஒரு வாசற்காவலர் தேவை. ஆண். வயது முப்பதுக்கு மேற்படாமலும், உயரம் ஐந்தடி எட்டு அங்குலத்துக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். அகன்ற மார்பும் மீசையும் உடையவராய், முன்பு பட்டாளத்தில் இருந்தவராயின் உத்தமம். மிதமாகப் பேசுபவராக இருத்தல் அவசியம். அனுமதிச் சீட்டு இல்லாத எவரையும் உள்ளே விடாமல் தடுப்பது இவருடைய கடமை."

கொல்லம் ஆயிரத்து நூற்றேழாம் ஆண்டு ஆவணி மாதத்து உத்தரவு இது. இந்த வர்ணனைக்கு உரியவர் பெயர் தேவகனி. வயது நாற்பத்து மூன்று. உயரம் நாலடி ஒன்பது அங்குலம், அதுவும் கொண்டையைச் சேர்த்து. மீசை கிடையாது. பட்டாளத்தில் இருந்ததில்லை, மிஷன் பங்களாவில் இருபது வருஷம் லேஸ் பின்னிக்கொண்டு இருந்தாள். மிதமாகப் பேசுவதைப் பற்றி அவளிடம் யாரும் சொன்னதில்லை, சொல்ல அவள் இடம் கொடுத்ததுமில்லை.

ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அடுத்த தபாலில் மறுப்பு மனு வரும். மனுக் கொடுப்பதில் அந்த ஊர்க்காரர்களுக்கு இணை திருவிதாங்கூர் முழுவதும் இல்லை.

வேலைக்கு விண்ணப்பம் போட்டவர்கள் பதினோரு பேர். எல்லாருமே "வாசற்காவலர்" என்ற சொல்லை மட்டும் வாசித்திருந்தார்கள். அதற்கு முன்னால் இருந்த சொல்லை வாசித்துக் காட்டியதும் பத்துப் பேருக்கு உடனே வேறு வேலை கிடைத்துவிட்டது. பதினோராமவன் மெசபொட்டேமியா வரைக்கும் போய்ச் சண்டை போட்டு வந்தவன். அவன் இரண்டு நாள் நின்றான். மூன்றாம் நாள், பீரங்கி என்றால் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியும், இந்த இருமல் அப்படியில்லை என்று சொல்லி, பெல்ட்டையும் சேவகர் அடையாளமான பித்தளை வில்லையையும் வாசல் ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டான்.

கண் மங்கியதால் லேஸ் வேலையை விட்டுவிட்டு வேறு சோலி தேடிக்கொண்டிருந்த தேவகனி அந்த வழியாக வந்தாள். ஆணியில் தொங்கிய பெல்ட்டைப் பார்த்தாள். நேரே உள்ளே போய் டாக்டரிடம் கேட்டாள்.

"ஐயா, வாசல்ல கெடக்க பெல்ட்டு யாருக்குள்ளது?"

"இப்போதைக்கு யாருக்கும் இல்லை."

"அப்பம் எனக்கு."

டாக்டர் கபிரியேல் தேங்காய்ப்பட்டணத்துக் கடற்கரையில் பிறந்து மதராசில் படித்தவர். கடற்கரையில் எல்லாரும் அலையை மிஞ்சிப் பேசுவார்கள். அவர்களுடைய மௌனத்தின் பங்கையெல்லாம் சேர்த்து வைத்ததுபோல இவர் பேசாமலிருப்பார். "சரி" என்றார். நகரசபைக்கு ஒரு கடிதம் எழுதினார். உத்தரவைத் திருத்துவதென்றால் சபை கூட வேண்டும், சபை கூடினால் இரண்டு மணி நேரம் போகும். ஆகையால் தலைமைக் குமாஸ்தா உத்தரவை அப்படியே வைத்துக்கொண்டு பெயரை மட்டும் எழுதிச் சேர்த்தார். அன்றுமுதல் நகரசபைப் பதிவேட்டில் தேவகனி ஆண், மீசையும் உண்டு. பெல்ட் இடுப்பில் இரண்டு சுற்று வந்தது. வில்லையை அவள் நாள்தோறும் புளி போட்டுத் தேய்த்தாள்.

அந்த வேலையை ஏன் விரும்பினாள் என்று கேட்டால், "வில்ல அழகா இருக்கு" என்பாள். இன்னொரு காரணமும் இருந்தது; அதை அவள் சொல்லமாட்டாள். மயிலாடியில் கல் கொத்திக்கொண்டிருந்த அவளுடைய கணவன் ராஜையன் முப்பத்தாறு வயதில் இருமி இருமியே இறந்துபோனான். ஊர் அதற்குச் சளி என்று பெயர் வைத்தது. சளிக்குக் கஷாயம் கொடுத்தார்கள். இப்போது அவளுடைய தம்பி, தையற்காரன் யேசுரத்தினம், அதே தாளத்தில் இருமிக்கொண்டிருந்தான்.

வைத்தியசாலை கட்டியபோது நகரசபை ஒரு நல்ல காரியம் செய்தது. கெடுதல் எல்லாம் அதிலிருந்துதான் வந்தது. நோயாளிகள் தொலைதூரம் நடந்து சிரமப்படக் கூடாது என்று, சந்தைக்குப் போகும் பெரிய ரஸ்தாவிலேயே கட்டினார்கள். யாரும் தேடி அலையக் கூடாது என்று மூன்று பாஷைகளில் ஒரு முழ உயர எழுத்தில் பலகை மாட்டினார்கள். வாசற்கதவை எப்போதும் விரியத் திறந்து வைத்தார்கள். ஊரில் மறைத்து வைக்க வேண்டிய நோய் ஒன்று உண்டென்றால் அது க்ஷயம்தான். அதற்குப் போகும் வாசல் ஒன்றுதான் ஊரில் எல்லாருக்கும் தெரிகிற வாசல்.

போதாததற்கு எதிரே ஒரு காப்பிக்கடை. அதன் பெஞ்சில் காலை ஏழு மணிமுதல் வெற்றிலைச் செல்லத்துடன் உட்கார்ந்திருப்பவர் கல்யாணத் தரகர் நாராயணபெருமாள். நாஞ்சில் நாட்டில் பெண் கொடுக்கும் முன் விசாரிக்க ஆள் வரும். வயல் எத்தனை கோட்டை விதைப்பாடு, குடிப்பழக்கம் உண்டா, வீட்டில் யாருக்காவது இருமல் உண்டா என்று மூன்று கேள்வி. முதல் இரண்டுக்கும் ஊரில் பலர் பதில் சொல்வார்கள். மூன்றாவதற்கு நாராயணபெருமாளிடம்தான் வர வேண்டும். அவர் கல்யாணம் முடித்துவைப்பது தம் சொந்தச் சாதியில் மட்டும். தகவல் சொல்வதில் சாதி மத பேதம் பார்க்கமாட்டார். வைத்தியசாலைக்குள் ஒருவன் காலையில் கால் வைத்தால், அவனுக்குப் பேசிவைத்த பெண் மத்தியானத்துக்குள் வேறு யாருக்காவது பேசப்பட்டுவிடும்.

ஆகவே யாரும் வரவில்லை. முதல் எட்டு மாதத்தில் வந்தவர்கள் ஒன்பது பேர். அவர்களில் ஒருவர் தபாலாபீஸ் என்று நினைத்து வந்தவர். டாக்டர் கபிரியேல் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் காலையில் வந்து, நெஞ்சில் வைத்துக் கேட்கும் குழலைத் துடைத்து மேஜைமேல் வைத்து, பதிவேட்டில் "இல்லை" என்று எழுதிவிட்டுப் பத்திரிகை வாசிப்பார். திருவனந்தபுரத்திலிருந்து வண்டியில் வந்து இறங்கிய ஆள் நிறுக்கும் இயந்திரத்தில் கம்பவுண்டர் ஜான்ரோஸ் தினமும் தன்னையே நிறுத்துப் பார்ப்பான். ஆள் நடமாட்டம் இல்லாததால் முற்றத்தில் புல் செழித்து வளர்ந்தது.

சபைத் தலைவருக்கு அந்தக் கட்டடத்தின் மேல் வேறொரு எண்ணம் இருந்தது. பின்னால் டென்னிஸ் விளையாட நல்ல இடம் என்று அவர் சொல்வதுண்டு. ஆடி மாதம் வருஷம் முடிவதற்குள் முன்னூறு பேரையாவது பரிசோதிக்காவிட்டால் வைத்தியசாலையை அடைத்துவிடுவது என்று சபையில் தீர்மானம் வந்தது. பங்குனி கடைசியில் இந்தச் செய்தி தேவகனியின் காதுக்கு வந்தது. அன்று சாயங்காலமே தம்பியின் தையற்கடைக்குப் போனாள்.

"ஏலே, அந்த டாக்டரய்யா கிட்ட வந்து நெஞ்ச ஒண்ணு காட்டப்பிடாதா? ஆடி கழிஞ்சா அவியளும் போயிருவாவ."

"காட்டலாம். எதிர்த்த காப்பிக்கடையில யாரு இருக்கான்னு ஒனக்குத் தெரியாதா? ஆவணியில கல்யாணம். எலிசா வீட்டுக்கு விசயம் போச்சுன்னா?"

"கல்யாணத்துக்கு மாப்பிள்ள வேண்டாமா?"

"இருமலுக்கு வைத்தியம் எதுக்குக்கா? நூலு தூசி."

"ஒனக்க மச்சானுக்குக் கல்லு தூசி. இந்த நாட்டுல எல்லாவனுக்கும் ஒரு தூசி உண்டும்."

அவன் மிஷினை வேகமாக மிதித்தான். சத்தத்தில் இருமல் கேட்காது என்பது அவனுடைய எண்ணம்.

சித்திரை முதல் வாரத்தில் நகரசபையிலிருந்து தலைமைக் குமாஸ்தா வைத்தியசாலையைப் பார்வையிட வந்தார். வாசலில் ஒரு பெண் பெல்ட் கட்டிக்கொண்டு, வழியில் போகிறவர்களையெல்லாம் "உள்ள வாங்க, ஒண்ணுமில்ல, சும்மா வந்து இரிங்க" என்று விருந்துக்கு அழைப்பதுபோல அழைத்துக்கொண்டிருந்ததைக் கண்டார். அவருக்குக் கோபம் வந்தது. உத்தரவை எடுத்து முதல் தடவையாக அவளுக்கு வாசித்துக் காட்டினார். சீட்டு இல்லாத எவரையும் உள்ளே விடக் கூடாது. தடுப்பதுதான் வேலை, அழைப்பதல்ல.

"வாறதுக்கே ஆளில்ல. யாரைத் தடுக்க?"

"வந்தால் தடுக்க வேண்டும்" என்றார் அவர்.

மறுநாள் காலை முத்துநாயகத்தின் வெள்ளாடு வந்தது. முத்துநாயகம் கோர்ட்டில் ஜப்தி செய்யும் ஆமீனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்தான் ஓய்வு பெற்றார், அவருடைய வழக்குகள் பெறவில்லை. ஆடு திறந்த வாசல் வழியே நுழைந்து புல்லை மேயத் தொடங்கியது. பின்னாலேயே கையில் கயிற்றுடன் அவர் வந்தார். தேவகனி குறுக்கே கையை நீட்டினாள்.

"நில்லும் அண்ணாச்சி. சீட்டு இருக்கா?"

"என்ன சீட்டு?"

"உள்ள போற சீட்டு. இல்லன்னா விடப்பிடாதுன்னு உத்தரவாக்கும்."

"ஆடு போச்சே. அதுகிட்ட கேட்டியா?"

"ஆட்டப்பத்தி உத்தரவுல ஒண்ணும் இல்ல. மனுசனத்தான் விடப்பிடாது."

"நான் இருபத்திரண்டு வருசமா நகரசபைக்கு வரி கெட்டுறவன்."

"கெட்டும். வெளிய நின்னு கெட்டும்."

முத்துநாயகம் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டார். வழக்கு வாசனை அடித்தால் அவர் அப்படித்தான் செய்வார். "அப்பிடி உள்ள என்ன வச்சிருக்கிய, ஆளு பாக்கப்பிடாம?"

ஒன்றுமில்லை என்பதுதான் உண்மை. அதைச் சொல்லத்தான் தேவகனி வாயைத் திறந்தாள். அப்போது ரஸ்தாவைப் பார்த்தாள். எட்டு மாதமாகப் பெஞ்சை விட்டு எழுந்திராத நாராயணபெருமாள் எழுந்து வந்து ரஸ்தா நடுவில் நின்றார். கருப்பட்டிச் சுமைக்காரர்கள் இருவர் சுமையை இறக்கிவிட்டார்கள். சந்தைக்குப் போன பெண்கள் நின்றுவிட்டார்கள். விரியத் திறந்து கிடந்தபோது ஒரு கண்ணும் பார்க்காத வாசலை இப்போது இருபது கழுத்துகள் நீண்டு பார்த்தன. தேவகனி வாயை மூடிக்கொண்டாள். அவள் அப்படிச் செய்ததை அந்த ஊர் முன்பு பார்த்ததில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, எல்லாருக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்.

"அது எல்லார்கிட்டயும் சொல்லக்கூடிய காரியமில்ல அண்ணாச்சி. உள்ள ஆள நிறுக்காவ. மகாராசாவ நிறுத்த மாதிரி. நெஞ்சில குழல வச்சு, உள்ளுக்க என்ன சத்தம்னு கேக்காவ. எல்லாருக்கும் கிடையாது."

இதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. ஜான்ரோஸ் அன்றும் தன்னை நிறுத்துக்கொண்டுதான் இருந்தான்.

'ஆள நிறுக்காவ' என்ற அந்தச் சொல்லின் பலம் வெளியூர்க்காரர்களுக்கு விளங்காது. இந்த ராஜ்யத்தில் புளிக்கும் கருப்பட்டிக்கும் கொப்பரைக்கும் எடை உண்டு. மனிதர்களில் எடை தெரிந்தவர் மகாராஜா ஒருவரே. அவர் தராசில் ஏறித் தம் எடைக்குப் பொன் கொடுப்பதைப் பற்றித்தான் எல்லாரும் கேட்டிருந்தார்கள். இன்னொன்றும் உண்டு. அந்த வருஷங்களில் நாட்டில் நடந்த பெரிய வழக்கே எந்த வாசலுக்குள் யார் போகலாம் என்பதுதான். கோயில் வாசலுக்கும் குளத்து வழிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கூட்டம் கூடினார்கள், தீர்மானம் போட்டார்கள், ஊர்வலம் போனார்கள். எந்தச் சாதிக்காரனும் எந்த மதத்துக்காரனும் கேட்காமலே உள்ளே போகலாம் என்று திறந்து கிடந்த ஒரே பெரிய வாசல் க்ஷயரோக வைத்தியசாலையின் வாசல். அதனால்தான் அதை ஒருவரும் மதிக்கவில்லை. இப்போது அங்கேயும் ஒருவன் தடுக்கப்பட்டுவிட்டான்.

ஆடு வயிறு நிறைந்து தானாகவே வெளியே வந்தது. முத்துநாயகம் அதைப் பிடிக்க மறந்து மனு எழுத வீட்டுக்குப் போனார்.

அந்த வாரம் தேவகனி பதினெட்டுப் பேரைத் தடுத்தாள். ஒவ்வொருவராக வந்து, சும்மா இந்தப் பக்கம் வந்ததாகச் சொல்லி, மெல்ல வாசலை நெருங்கினார்கள். "சீட்டு இருக்கா?" என்று கேட்டாள். "இல்லன்னா நகரசபைக் கச்சேரியில போய்ச் சொல்லும்" என்றாள். போய்ச் சொன்னார்கள். டாக்டர் கபிரியேல் சன்னல் வழியே இதையெல்லாம் பார்த்து, வெள்ளிக்கிழமை அவளைக் கூப்பிட்டார்.

"வருகிறவர்களை நீங்களே திருப்பி அனுப்புகிறீர்கள்."

"திருப்பி அனுப்பல்லய்யா. கொஞ்சம் பொறுத்து வரச் சொல்லுகேன்."

"அவர்களுக்கு நோயில்லை. எடை பார்க்கத்தான் வருகிறார்கள். நோயில்லாதவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?"

"களத்துல நெல்லு தனியா வருமாய்யா? பதரும் சேந்துதான் வரும். தூத்தி எடுக்கது ஒங்க சோலி. களத்துல கொண்டு சேக்கது எனக்க சோலி."

டாக்டர் வயலில் வளர்ந்தவரல்ல, ஆனாலும் புரிந்துகொண்டார்.

அடுத்த நகரசபைக் கூட்டத்தில் பதினான்கு மனுக்கள் வந்திருந்தன. முத்துநாயகத்தினுடையது மட்டும் ஒன்பது பக்கம். வரி செலுத்தும் பிரஜையை வரிப்பணத்தில் கட்டிய வாசலில் நிறுத்திவைக்க ஒரு சேவகனுக்கு என்ன அதிகாரம் என்று அதில் கேட்டிருந்தார். பதிவேட்டைப் பார்த்து எழுதியதால் "சேவகன்" என்றே போட்டிருந்தார். ஓர் அங்கத்தினர் எழுந்து, தம்மையும் அந்த மீசைக்காரன் தடுத்ததாகச் சொன்னார். இன்னொருவர், தெரிந்தெடுத்த சிலருக்கு மட்டும் நெஞ்சுப் பரிசோதனை என்றால் தெரிந்தெடுத்தது யார் என்று கேட்டார். வைத்தியசாலையை ஆடியோடு அடைக்கப் போவது மெய்யா என்று மூன்றாமவர் கேட்டபோது சபையில் கூச்சல் எழுந்தது. அப்படி ஒரு யோசனை தமக்கு ஒருநாளும் இருந்ததில்லை என்று தலைவர் சொன்னார். இரண்டு மணி நேரத்துக்குப் பின், வரி செலுத்துவோரும் அவர் குடும்பத்தாரும் ஊரிலுள்ள மற்றெல்லாரும் உள்ளே போய் எடையும் நெஞ்சும் பார்த்துக்கொள்ள உரிமையுள்ளவர்கள் என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். ஒழுங்குக்காக வாசலில் சீட்டுக் கொடுப்பது என்றும் முடிவாயிற்று.

திங்கட்கிழமை விடியும்போதே வரிசை சந்தை முக்கு வரைக்கும் நின்றது. முதலில் நின்றவர் முத்துநாயகம். நூற்று முப்பத்தோரு ராத்தல். முத்திரை வைத்து எழுதித் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டார். குழல் வைத்தபோது, தம் இருதயத்தில் என்ன கேட்டது என்பதையும் எழுத்தில் கேட்டார். "ஒழுங்காக அடிக்கிறது" என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பின் வந்தவர்கள் எல்லாருக்கும் அதே வேண்டும் என்றாயிற்று. எடையை ஜான்ரோஸ் சத்தம் போட்டுக் கூவினான். வாசலில் நின்றவர்கள் கேட்டு மகிழ்ந்தார்கள். கருப்பட்டி வியாபாரி தம் எடையை மனைவியின் எடையோடு ஒப்பிட்டுவிட்டு அன்று முழுதும் யாரோடும் பேசவில்லை.

நாராயணபெருமாள் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். முதல் நாள் விரல்விட்டு எண்ணினார். இரண்டாம் நாள் விரல் போதவில்லை. வாசலுக்குள் போகிறவர்களின் பெயரைச் சொல்லலாம்தான். போகாதவர்கள் யாரென்று கேட்டால் சொல்ல ஒரு பெயரும் மிஞ்சவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்து வரிசையில் நின்றார்.

"பிள்ளே தேவகனி, எனக்கும் ஒரு சீட்டு."

"ஒமக்கு எதுக்கு? எட்டு மாசமா எல்லாத்தயும் வெளிய இருந்தே பாத்துப்போட்டீரே."

"கேலி பண்ணாத. விசாரிக்க வாறவன் எல்லாம் இப்பம் என்ன கேக்கான் தெரியுமா? 'மாப்பிள்ளைக்கு நெஞ்சுச் சீட்டு இருக்கா?'ன்னு கேக்கான். தரகனுக்கே இல்லன்னா நாளைக்கு எவன் மதிப்பான்?"

சீட்டில் ஒரு சங்கடம் வந்தது. நகரசபை அச்சடித்து அனுப்பியதில் நோயில்லாதவர்களுக்கு வெள்ளை, நோய் கண்டவர்களுக்குச் சிவப்பு. நோயாளிகள் மறுபடி வரும்போது அடையாளம் தெரிய வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். சிவப்புக் கட்டைப் பார்த்ததும் தேவகனி டாக்டரிடம் போனாள்.

"ஐயா, ஒரு நிறம் போதும்."

"எனக்கு அடையாளம் வேண்டாமா?"

"ஒங்களுக்குத் தெரியணும்னா மூலையில சின்னதா ஒரு புள்ளி வையுங்க. எதிர்ல இருக்கவனுக்கும் தெரியணும்னா செவப்பக் குடுங்க."

அவர் புள்ளி வைத்தார். சிவப்புச் சீட்டு ஆயிரம் எங்கே போயிற்று என்பது நகரசபைக்கு இன்றுவரை தெரியாது. அந்த வருஷம் மழைக்காலத்தில் தேவகனி வீட்டில் அடுப்புப் பற்றவைக்கச் சிரமமே இருக்கவில்லை.

மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை, முத்துநாயகத்தின் மருமகளுக்கும் ஒரு கொப்பரைக்காரனுக்கும் நடுவில் யேசுரத்தினம் நின்றான். தேவகனி அவனைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவன் முறை வந்தது.

"என்ன வேணும்?"

"என்னக்கா, தெரியாத மாதிரி கேக்க? சீட்டு."

"ஒனக்குத்தான் ஒண்ணுமில்லியே. நூலு தூசின்னா நீ. போய் மிஷின மிதி. எடத்த விடு, பொறத்த ஆளு நிக்கி."

"எல்லாருக்கும் உண்டும்னு சபையில தீர்மானம் இருக்கு. எனக்கு மட்டும் இல்லியா? ஊரு முழுக்க உள்ள போவுது. நான் என்ன தள்ளுபடியா?"

பின்னால் நின்ற கொப்பரைக்காரன் அவனுக்காகப் பரிந்து பேசினான். கூடப் பிறந்தவன் என்பதற்காக நியாயத்தை மறுக்கலாமா என்று கேட்டான். தேவகனி வெகு நேரம் யோசித்ததுபோல நின்று, ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். பிறகு வில்லையைச் சரிசெய்துகொண்டாள்.

"தொண்ணூத்தாறு" என்று ஜான்ரோஸ் கூவினான். வாசலில் யாரோ சிரித்தார்கள். பிறகு நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. முத்துநாயகத்தின் மருமகள் முன்பே வெளியே வந்து போய்விட்டாள். வரிசை முணுமுணுத்தது. அதன்பின் டாக்டர் கபிரியேல் தாமே வாசலுக்கு வந்தார். அவர் அதுவரை வாசலுக்கு வந்ததில்லை.

"இடது பக்கம், மேலே" என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "ஆரம்பம்தான்."

"எனக்க வீட்டுக்காரருக்கும் சளிதான்னு சொன்னாவ."

"நான் சளி என்று சொல்லவில்லை. அவரை யாரும் ஆரம்பத்தில் பார்க்கவில்லை. இவனைப் பார்த்துவிட்டோம். தையல் கூடாது. காற்றோட்டமான இடத்தில் படுக்க வேண்டும். பால், முட்டை. இருமித் துப்பினால் கிண்ணத்தில். ஒரு வருஷம். வாரம் ஒருநாள் எடை பார்க்க வரட்டும், எல்லாரும்தான் வருகிறார்களே."

அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுவே முதல் தடவை. தேவகனி தலையாட்டினாள். பிறகு திரும்பி, "அடுத்த ஆளு வாங்க, சீட்டு இருக்கா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் ஆராதனை முடிந்ததும் பத்மநாபபுரத்துக்கு வண்டி ஏறினாள். ஊருக்கு எதை மறைத்தாலும் பெண் வீட்டுக்கு மறைக்கக் கூடாது என்பது அவளுடைய கொள்கை. எலிசாவின் தாயாரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். ஒரு வருஷம் பொறுக்க முடியாதென்றால் மனவருத்தமில்லை என்றும் சொன்னாள். கதவுக்குப் பின்னாலிருந்து எலிசாதான் கேட்டாள்.

"ஒரு நாளைக்கு எத்தன முட்ட தின்னணும் மயினி?"

"ரெண்டுன்னு டாக்டரு சொன்னாவ."

"இங்க கோழி ஆறு நிக்கி."

அதுமுதல் ஒவ்வொரு சனிக்கிழமையும் வைக்கோல் வைத்த ஓலைக் கடவப்பெட்டியில் பதினான்கு முட்டை வந்தது.

ஆவணிக் கல்யாணம் தள்ளிப்போனது நாராயணபெருமாள் கண்ணுக்குத் தப்பவில்லை. "ஏன் பிள்ளே, ஒனக்க தம்பி கல்யாணம் என்னாச்சு?" என்று கேட்டார்.

"எடை போதாதாம். நூத்திப்பத்து ராத்தல் ஏறினாத்தான் மாப்பிள்ள ஆவலாம்னு டாக்டரய்யா சொல்லிப்போட்டாவ."

யேசுரத்தினத்தைப் பற்றி டாக்டர் சொன்னது அப்படியேதான். ஆனால் நாராயணபெருமாள் அதைச் சர்க்காரின் புதுச் சட்டம் என்று எடுத்துக்கொண்டார். நூற்றுப்பத்து ராத்தலுக்குக் குறைந்த மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கக் கூடாது என்று சுற்றுவட்டாரம் முழுதும் சொல்லிவைத்தார். அந்த வருஷம் ஊரில் ஏழு கல்யாணம் தள்ளிப்போயிற்று. ஒல்லியான வாலிபர்களுக்கு வீட்டில் பாலும் முட்டையும் கிடைத்தது. ஒரு தகப்பனார் மகனை மடியில் இரும்புக் கட்டியோடு தராசில் ஏற்றினார், ஜான்ரோஸ் கண்டுபிடித்துவிட்டான். க்ஷயத்தைத் தடுக்க நகரசபை அச்சடித்த எச்சரிக்கைப் பிரசுரங்கள் எல்லாம் சேர்ந்து செய்யாததை, நாராயணபெருமாள் தப்பாகப் புரிந்துகொண்ட அந்த ஒரு வாக்கியம் செய்தது. டாக்டர் அதைத் திருத்தப் போகவில்லை. பேசாமலிருப்பதில் அவருக்கு நல்ல பழக்கம் இருந்தது.

ஆடி முடியும்போது பதிவேட்டில் இரண்டாயிரத்துக்கு மேல் ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் நூற்று நாற்பத்தொரு பேருக்கு மூலையில் புள்ளி. அந்தப் புள்ளிக்காரர்கள் எல்லாரும் பிழைத்தார்கள் என்று சொல்ல முடியாது. பலர் பிந்தி வந்தார்கள். பலர் பிழைத்தார்கள். சபைத் தலைவர் டென்னிஸ் விளையாட வேறு இடம் பார்த்துக்கொண்டார். யேசுரத்தினம் தள்ளிப்போன ஆவணிக்கு அடுத்த ஆவணியில் நூற்றுப் பன்னிரண்டு ராத்தலோடு எலிசாவைக் கைப்பிடித்தான். கல்யாணத்துக்கென்று முன்பே தானே தைத்துவைத்திருந்த கோட்டில் கை நுழையவில்லை. இரவல் கோட்டுப் போட்டுக்கொண்ட தையற்காரன் என்று இன்றும் அவனைக் கேலி செய்கிறார்கள்.

சென்ற மாதம் நகரசபை தன் ஊழியர்களுக்கு நற்சான்று வழங்கியது. தேவகனிக்கும் ஒன்று கிடைத்தது. "வாசற்காவலர் தேவகனி என்பவர் ஏழு வருஷமாகத் தம் கடமையில் தவறாமல், மிதமாகப் பேசி, அனுமதியில்லாத எவரையும் உள்ளே விடாமல் தடுத்து வந்திருக்கிறார்" என்று அதில் எழுதியிருக்கிறது. அவள் அதைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாள்.

தேவகனி அந்த வாசலில் ஏழு வருஷம் நின்று ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேரை உள்ளே அனுப்பினாள்.